பட்டரவாக்கம் வருவதற்குள் ஒரு வாக்கியம்

காலை ஏழு நாற்பத்திரண்டு. நெமிலிச்சேரிக்குள் வண்டி வந்தபோது முதலில் கண்ணில் பட்டது, ஒரு ஜன்னல் கம்பியில் முடிந்திருந்த ஈரத்துணி. பூக்காரம்மாவின் துணி அது. திருநின்றவூரில் ஏறுகிறவர், பூக்கூடையை மூடிக்கொண்டு வந்த துணியை எடுத்துக் கம்பியில் கட்டிவிடுவார். அந்த வண்டியில் மகளிர் பெட்டி ஒன்றுக்கு மேல் உண்டு. துணி தெரிகிற வாசலில் ஏறினால் எங்கள் கூட்டம் இருக்கும். அக்காவும் நானும் துணி போன திசையில் நடந்துபோய் ஏறிக்கொண்டோம்.

கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகள் அவை. ஒரு நாளிதழில், ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்கும் மேஜையில் எனக்குப் பகல் வேலை. அக்கா என்று நான் எழுதுவது உடன்பிறந்தவரை அல்ல. நெமிலிச்சேரியில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர். பெட்டியில் எல்லோருக்குமே அவர் அக்காதான், அவரைவிட வயதில் மூத்தவர்களுக்குக்கூட. அவருடைய அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் கூலிக்குப் போனவர்கள். அந்த நிலமெல்லாம் மனைகளாகிவிட்டது. அக்கா பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அம்பத்தூர் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் வெட்டும் ஹெல்ப்பராகச் சேர்ந்தார். பிறகு டெய்லர். நாங்கள் பழகிய காலத்தில் ஒரு தையல் லைன் முழுவதற்கும் சூப்பர்வைசரானார். எஸ்டேட்டுக்குப் போக அவர் பட்டரவாக்கத்தில் இறங்குவார். கணவர் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டினார்.

வார்த்தை விளையாட்டைத் தொடங்கிவைத்தவர் தபால் ஆபீஸ் அம்மா. பட்டாபிராமில் ஏறுவார். ஓய்வு பெறச் சில ஆண்டுகளே பாக்கி. பெங்களூரில் இருக்கும் அவருடைய மகன், தமிழ் தெரியாத ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். மருமகளோடு பேச ஆங்கிலம் தேவைப்பட்டது. “போன்ல ஹலோ சொல்றேன். சாப்ட்டியான்னு கேக்கறேன். அப்புறம் ரெண்டு பேரும் மூச்சு வுட்டுகினே இருக்கோம்” என்று ஒருநாள் எங்களிடம் சொன்னார். மறுநாள், மகன் பள்ளியில் படித்த காலத்து ஆங்கிலம்–தமிழ் அகராதியைக் கைப்பையில் வைத்து எடுத்துவந்தார்.

தினம் ஒரு வார்த்தை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைப் பிரித்து விரலை வைப்பார். விரல் பட்டது அன்றைய வார்த்தை. பொருளையும், அதன் கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படிப்பார். பிறகு ஒவ்வொருவரும் அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். முழுக்கத் தமிழில் பேசி, அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஆங்கிலத்தில் போட்டாலும் செல்லும். சொல்லத் தவறியவர் மறுநாள் சுண்டல் கொண்டுவர வேண்டும். அக்கா இறங்கிவிடுவார் என்பதால், பட்டரவாக்கம் வருவதற்குள் எல்லோரும் சொல்லி முடித்தாக வேண்டும்.

இந்த ஆட்டத்தில் பூக்காரம்மா ஒருநாளும் சுண்டல் கொண்டுவந்ததில்லை. பங்ச்சுவல் என்ற வார்த்தை வந்த அன்று, முழம் போட்டுக்கொண்டே யோசிக்காமல் சொன்னார்: “எம் புருசன் ஒன்னே ஒன்னுத்துலதான் பங்ச்சுவலு. கட தொறக்கசொல்லோ மொத ஆளா நிப்பான்.” அந்தப் புருஷன் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கூடை நிறைய மல்லியும் கனகாம்பரமும் வைத்திருந்தவர் தன் தலையில் ஒரு பூ வைத்து நாங்கள் பார்த்ததில்லை.

சாயங்கால வண்டியில் வார்த்தை கிடையாது. பீன்ஸ் நறுக்குவார்கள், கீரை ஆய்வார்கள். வில்லிவாக்கத்தில் வாங்கிய காய், ஆவடி வருவதற்குள் குழம்புக்குத் தயாராகிவிடும். மழை நாளில் ஷட்டரை இறக்கிவிட்டால் பெட்டிக்குள் ஈரச் சேலை வாசனையும் மிச்சப் பூவின் வாசனையும் கலந்து நிற்கும். இப்போதும் அந்த வண்டியில் வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை. பெட்டியில் பெண்கள் இருக்கிறார்கள். காதில் வயர் மாட்டியிருக்கிறார்கள். கம்பியில் துணி எதுவும் கட்டியிருப்பதில்லை. ஏறும்போது என் கண் இன்னமும் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போவதை நானே கவனித்திருக்கிறேன்.

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. சில காலைகளில் அவர் பட்டரவாக்கத்தில் இறங்க மாட்டார். வில்லிவாக்கம் வரை வருவார். அங்கே ஒரு கருத்தரிப்பு மையத்தில் அவருக்கு ட்ரீட்மென்ட். அந்த நாட்களில் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பது பெட்டியின் வழக்கம். கேட்காமல் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். பூக்காரம்மா காசு வாங்காமல் ஒரு முழம் வைத்துவிடுவார். தபால் ஆபீஸ் அம்மா கைப்பையிலிருந்து விபூதி எடுத்து நெற்றியில் இட்டுவிடுவார். திருவேற்காட்டு அம்மனிடம் அவர் மொட்டைக்கு ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். ஆவடியில் ஏறி, பெரம்பூரில் ஒரு நகைக்கடையில் பில் போடப் போகிற பெண், வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாள். விரதத்தின் நடுவே அவளுக்கே உண்டாகிவிட்டது. முதலில் அதை அக்காவிடம் சொல்லக் கூசினாள். அக்கா எழுந்து தன் ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த இடம் அவளுடையது.

தொடக்கத்தில் சொன்ன அந்தக் காலையில் அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வண்டி பட்டாபிராமைத் தாண்டியதும் தபால் ஆபீஸ் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்தார்.

“டெஸ்பேர்” என்றார். “நம்பிக்கையெல்லாம் சுத்தமா போயி நிக்கிறது.”

பூக்காரம்மா என் பக்கம் திரும்பினார். பெட்டியில் எனக்குப் பேப்பர் என்று பெயர். “ஏமே பேப்பரு, இதுக்கு நீ இன்னா போடுவ?”

“விரக்தி.”

“அது தண்டவாளத்துல தலய குடுத்தவன் நியூஸ்ல வர்ற வார்த்தயாச்சே.”

அவர் சொன்னது சரி. எங்கள் மேஜையில் அந்தச் சொல் காவல் நிலையத்திலிருந்து வரும் செய்தியில்தான் அதிகம் வரும். ‘வாழ்க்கையில் விரக்தியடைந்து’ என்று தொடங்கினால் வாக்கியம் எங்கே முடியும் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். சீட் கிடைக்காத தொண்டர்களுக்கும், தோற்ற அணியின் ரசிகர்களுக்கும் அதே சொல்லைத்தான் கொடுத்துவந்தோம். ஆங்கிலத்தில் டெஸ்பேருக்குப் புழக்கம் இன்னும் அகலம். பிள்ளையின் கையெழுத்தைப் பார்த்து ஒரு தாய் அந்த வார்த்தையைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். வாத்தியாருக்குப் பிடிபடாத ஒரு மாணவனையே அவருடைய டெஸ்பேர் என்று சொல்லலாம். இதை நான் பெட்டியில் விளக்கிச் சொன்னேன்.

“அப்ப நம்ம டிபார்ட்மென்டுக்கு நான்தான் டெஸ்பேர்” என்றார் தபால் ஆபீஸ் அம்மா. அவருடைய வாக்கியம் முடிந்தது.

“கூடைல பூ மிஞ்சிப் பூடும் பாரு, மத்தியானத்துல. வாங்கறதுக்கு ஒரு ஆளு வராது. தண்ணி தெளிச்சிகினு குந்திகினு இருப்பேன். அதுவா?” என்றார் பூக்காரம்மா.

அக்கா கேட்டார்: “அந்நேரம் யார்னா வந்து கேட்டா குடுப்பியா?”

“வந்தா உடுவேனா?”

“அப்ப அது இல்ல. நீ இன்னும் பாத்துகினு கீற.”

பூக்காரம்மா ஒப்புக்கொண்டார். வேறு வாக்கியம் யோசிக்கிறேன் என்றார். அதற்குள் தபால் ஆபீஸ் அம்மா அகராதியில் இருந்த எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படிக்கத் தொடங்கினார். எழுத்துக்கூட்டி, சத்தமாக, பாதி வரை போனார். நிறுத்தினார். இருமினார். “எழுத்து ரொம்ப சின்னதா போட்டிருக்கான்” என்று பக்கத்தைத் திருப்பப் போனார்.

அக்கா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அகராதியைத் தன் மடிக்கு இழுத்து, விரலால் தொட்டுத் தொட்டு மீதியையும் படித்தார். இனி தங்களுக்குக் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கையை ஒரு கணவனும் மனைவியும் இழந்துவிட்டதாக அந்த வாக்கியம் சொன்னது. தைக்க வேண்டிய மாதிரித் துணியைப் பார்ப்பதுபோல் அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நான் ஒன்னு சொல்றேன். செல்லுமான்னு பாருங்க” என்றார். “ட்ரீட்மென்ட்ட நிறுத்திட்டேன். இனிமே வில்லிவாக்கம் வரமாட்டேன். ஆனா எனக்கு டெஸ்பேர் இல்ல.”

இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் வண்டி நின்றது. யாரோ ஏறினார்கள். முதலில் வாயைத் திறந்தவர் தபால் ஆபீஸ் அம்மா.

“வாயக் கழுவு. நல்ல நாளும் அதுவுமா.”

“ஏங்கா, இப்பதான் நாலு வாட்டி ஆயிருக்கு. எங்க பெரியம்மா பொண்ணுக்கு ஆறாவது வாட்டிதான் நின்னுச்சி” என்றாள், ஆவடியில் ஏறி நடந்தது தெரிந்துகொண்ட நகைக்கடைப் பெண்.

“நான் வேண்டிகினது இன்னா ஆவறது? ஆத்தா கேக்கமாட்டாளா? இந்த வார்த்தையே வேணாம். கேன்சல். நாளிக்கு வேற வெச்சிக்கலாம்” என்று தபால் ஆபீஸ் அம்மா அகராதியை மூடினார். ஒரு வார்த்தை ரத்தானது அன்று மட்டும்தான்.

அக்கா பட்டரவாக்கத்தில் இறங்கிப் போனார்.

அன்று மதியம் மேஜையில் எனக்கு வந்த ஒரு வெளிநாட்டுச் செய்தியில் அதே வார்த்தை இருந்தது. கப்பல் விபத்தில் காணாமல் போனவர்களின் குடும்பங்களைப் பற்றிய செய்தி. விரக்தி என்று தட்டச்சு செய்துவிட்டு, மனமுடைந்து என்று மாற்றினேன், பிறகு நம்பிக்கை இழந்து என்று மாற்றினேன். எதைப் போட்டாலும் ஏதோ ஒன்று அவர்களுக்கு நேர்ந்துவிட்டதாகத்தான் வாக்கியம் சொன்னது. துறைமுகத்தில் காத்திருந்தது போதும் என்று பார்த்து எழுந்து வீட்டுக்குப் போனவர்களும் அந்தச் செய்தியில் இருந்தார்கள். அவர்களுக்கு நான் வைத்திருந்த சொற்களில் ஒன்றும் பொருந்தவில்லை. அந்தப் பத்தியை, அவர்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள் என்று மட்டும் எழுதி அனுப்பினேன். ஆசிரியர் குழுவில் ஒருவர் அங்கே விரக்தியுடன் என்று சேர்த்து அச்சுக்கு அனுப்பியிருந்தார்.

பெட்டியில் அதன்பிறகு யாரும் அக்கா சொன்னதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மாறாக, பிரசாதங்கள் கூடின. யாரோ பழனியிலிருந்து பஞ்சாமிர்தம் கொண்டுவந்தார்கள். யாரோ ஒரு நாட்டு வைத்தியரின் விலாசத்தைச் சொன்னார்கள். முன்பு வில்லிவாக்கம் நாட்களில் மட்டும் வந்த விபூதி, தினமும் வந்தது. அக்கா நெற்றியைக் காட்டினார். கொடுத்ததைச் சாப்பிட்டார்.

ஒரு காலை, வண்டி தாமதம். நெமிலிச்சேரி பிளாட்பாரத்தில் நானும் அவரும் மட்டும் பேசிக்கொண்டிருந்தோம்.

“ஆவடி வரைக்கும் அவரு ஆட்டோலயே போயி, அங்கேருந்து எஸ்டேட் பஸ் புடிச்சிக்கலாம்னு பாக்கறேன்” என்றார். “அடுத்த வாரத்துலேருந்து.”

“பஸ்ல நிக்க முடியாதுக்கா. அரை மணி நேரம் கூட ஆகும்.”

“ஆகட்டும். இங்க ஏறுனா ஆளாளுக்கு என் வயித்தத்தான் பாக்கறாங்க. தெரியாதவங்க பாத்தா கவலயில்ல. இவுங்க பாத்தா எனக்கு பதில் சொல்லணும் போல கீது.” வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். “ஊசி போட்டுகினு போயி லைன்ல நிப்பேன். பீஸ் வந்துகினே இருக்கும். குமட்டும். பர்மிஷன் கேட்டா மேனேஜர் மூஞ்சியத் தூக்குவாரு. அதெல்லாம் கூட ஒன்னும் இல்ல. ஒவ்வொரு தபாவும் இல்லைன்னு போன் வரும் பாரு, அன்னிக்கு அவரு ஆட்டோ எடுக்க மாட்டாரு. எங்கூட ஊட்லயே குந்திகினு இருப்பாரு. போன தபா அவரே சொன்னாரு, போதும் வுடு, ஒனக்கு நான் எனக்கு நீன்னு. ரெண்டு பேரும் அழுதோம். அப்பால போயி பூந்தமல்லில பிரியாணி துன்னுட்டு வந்தோம்.”

வண்டியின் விளக்கு வளைவில் தெரிந்தது. அக்கா பையைத் தோளில் மாட்டினார்.

“நான் அழுது முடிச்சிட்டேன் பேப்பரு. இவுங்களுக்குத்தான் இன்னும் முடியல.”

பஸ்ஸில் போனால் அவருக்கு என்ன போகும் என்பது எனக்குத் தெரியும். ஹெல்ப்பராகச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வண்டி. அவருடைய அம்மா இறந்தபோது வீட்டு வாசலில் முதலில் வந்து நின்றது இந்தப் பெட்டிதான். வார்த்தை விளையாட்டில் பிடித்த ஆங்கிலத்தை வைத்துத்தான், வெளிநாட்டிலிருந்து வந்த வாங்குபவர்களிடம் தன் லைனைப் பற்றிப் பேசி சூப்பர்வைசரானார். விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. இருக்கவும் முடியவில்லை.

நகைக்கடைப் பெண்ணுக்குப் பெட்டியில் வளைகாப்பு என்று முன்பே முடிவாகியிருந்தது. எங்கள் வழித்தடத்தில் அது புதிதல்ல. வீட்டில் ஒன்று நடக்கும், வண்டியில் ஒன்று நடக்கும். அந்த வார வெள்ளிக்கிழமை காலை, துணி கட்டியிருந்த ஜன்னலில் மாவிலையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பட்டாபிராமில் தபால் ஆபீஸ் அம்மா பட்டுச் சேலையில் ஏறினார். கையில் ஒரு தாம்பாளம். சந்தனம், குங்குமம், அடுக்கடுக்காகக் கண்ணாடி வளையல். எலுமிச்சை சாதமும் புளி சாதமும் தேங்காய் சாதமும் டப்பாக்களில் வந்து சேர்ந்தன. ஆவடியில் பெண் ஏறியதும் ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். பூக்காரம்மா கூடையிலிருந்து மாலையை எடுத்தார்.

இரண்டு மாலை எடுத்தார்.

குழந்தை வேண்டி இருப்பவரை வளைகாப்புப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அவருக்கும் நாலு வளையல் போட்டுவிடுவது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான். அடுத்தது அவருக்கு என்பது நம்பிக்கை. எங்கள் பெட்டி நாலு வளையலோடு நிற்கவில்லை. அக்கா இல்லாத சாயங்கால வண்டி ஒன்றில் எல்லோரும் கூடிப் பேசி, அவருக்கும் முழு வளைகாப்பு என்று முடிவெடுத்திருந்தார்கள். இரண்டு மாலை, இரண்டு பங்கு வளையல், இரண்டு பேருக்கும் நலங்கு. ஒன்றை மட்டும் என்னிடமும் சொல்லவில்லை. அது பிறகு தெரியவந்தது.

அக்கா மாலையைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவள் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா உட்கார்ந்தார்.

மாலையைக் கொடுத்ததும் பூக்காரம்மா எழுந்து வாசலோரம் போய் நின்றுகொண்டார். சுமங்கலிகள் வரிசையாக வந்து இரண்டு பேருக்கும் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். தபால் ஆபீஸ் அம்மா முதல் வளையலைப் பெண்ணுக்குப் போட்டுவிட்டு, அடுத்ததை அக்காவுக்குப் போட்டார். யாரோ நலங்குப் பாட்டை எடுத்தார்கள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அண்ணனூரில் ஏறிய பெண்கள் என்ன ஏது என்று பார்த்து, சிரித்து, சந்தனத்தைத் தொட்டுக்கொண்டார்கள். திருமுல்லைவாயில் தாண்டும்போது இரண்டு பேருக்கும் முழங்கை வரை வளையல் ஏறியிருந்தது. அக்காவின் முகத்தில் நான் படிக்க ஒன்றும் இல்லை.

அம்பத்தூரில் கூட்டம் இறங்கியது. அக்கா எழுந்திருக்கப் பார்த்தார். தபால் ஆபீஸ் அம்மா அவர் தோளை அழுத்தினார்.

“குந்து. இன்னிக்கு நீ எறங்கல. வில்லிவாக்கம் வர்ற. டாக்டரம்மாவாண்ட பேசி உன் பேருக்கு டோக்கன் போட்டு வெச்சிட்டேன். வளையல் போட்ட கையோட போனா பலிக்கும். நானே கூட வர்றேன், பாதி நாள் லீவு சொல்லிட்டேன்.”

பெட்டியில் பல பேர் தலையாட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்குச் சொல்லாமல் விட்டது இதுதான்.

வண்டி அம்பத்தூரை விட்டுக் கிளம்பியது. அக்கா இடது கையை மடியில் வைத்து, விரல்களைக் குவித்து, ஒரு வளையலைக் கழற்றினார்.

“ஐயோ, கழட்டாத! கழட்டக்கூடாது!”

“கம்பெனி ஃப்ளோர்ல கண்ணாடி வளையல உடமாட்டாங்கம்மா. ஒடஞ்சி துணில சிக்கினா மொத்த சரக்கும் திரும்பி வந்துரும். தினம் என் லைன்ல அத்தினி பேரு கையையும் நான்தான் பாத்து உள்ள அனுப்பறேன். நானே போட்டுகினு போனா?”

“நான்தான் சொல்றேனே, நீ இன்னிக்கு கம்பெனிக்கே—”

“போறேன்மா” என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. “கம்பெனிக்குத்தான் போறேன்.”

வலது கை வளையல்களையும் கழற்றி, எல்லாவற்றையும் கையில் அடுக்கிக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனார். பூக்காரம்மா வழிவிட ஒதுங்கினார். அக்கா அவர் கையைப் பிடித்தார்.

“ஏய், இன்னாமே பண்ற?”

“கைய நீட்டு.”

“எனக்கு போடக்கூடாதுமே. வுடு.”

“யாரு சொன்னா?”

“ஊரே சொல்லுது.”

“ஊரு பேச்ச கேட்டு நடக்கறவளா நீ? புருசன் செத்த மறுமாசமே கூடைய தூக்கிகினு வந்தவதான? நீட்டு.”

பாட்டு நின்றுபோயிருந்தது. நல்ல காரியத்தில் இப்படியா என்று யாரோ பின்னால் முனகினார்கள். ஜன்னலோரத்திலிருந்து நகைக்கடைப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தாள். “போடுங்கக்கா. எனக்கு ஒன்னும் ஆகாது. போடுங்க” என்றாள். வளைகாப்புக்காரியே சொன்ன பிறகு முனகல் அடங்கியது.

பூக்காரம்மாவின் கை நார் இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. வளையல் கட்டைவிரல் எலும்பில் சிக்கியது. அக்கா தன் கன்னத்துச் சந்தனத்தை விரலால் வழித்து அங்கே தடவி, வளையலை ஏற்றினார். ஒவ்வொன்றாக, இரண்டு கையிலும். பூக்காரம்மா வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். “அடிப் பாவி, அடிப் பாவி” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டி வேகம் குறைந்தது. அக்கா கழுத்து மாலையைக் கழற்றிக் கூடையில் போட்டார். “இத்தப் பிரிச்சி முழம் போட்டு வித்துடு. வீணாக்காத.” பிறகு உள்ளே திரும்பி, தபால் ஆபீஸ் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “அந்த டோக்கன வேற யாருக்கானா குடுக்கச் சொல்லுங்கம்மா. காத்துகினு கீறவங்க நெறைய பேரு.”

கன்னத்தில் சந்தனத்தோடு பட்டரவாக்கத்தில் இறங்கினார். படிக்கட்டுப் பக்கம் நடந்தபோது முந்தானையால் அதைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது.

கொரட்டூர் வரை தபால் ஆபீஸ் அம்மா தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பட்டுச் சேலையில் குங்குமம் கொட்டியிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

“ஏன்மே அழுவுற?” என்றார் பூக்காரம்மா, வாசலிலிருந்து. “புள்ள இல்லாம இருக்கப்போறது அதுவா, நீயா?”

“நல்லதுக்குத்தானே செஞ்சேன்.”

“யாரு இல்லன்னா? அது அன்னிக்கே பொஸ்தகத்த வெச்சிகினு சொல்லிச்சி. நீதான் கேன்சலுன்னுட்ட. நானும் சும்மாதான் இருந்தேன். மால கட்னவ நானு.”

“ஆத்தாகிட்ட வேண்டிகினேனே.”

“வேண்டிகினவ நீதான? போயி நீ மொட்ட அடிச்சிக்கோ. உம் மருமவ இன்னா இங்கிலீசு பேசறான்னு அப்ப பாக்கலாம்.”

யாரோ சிரித்தார்கள். தபால் ஆபீஸ் அம்மாவுக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, “உன் வாயில போடறதுக்கு ஒரு தபால் முத்திர இல்ல எங்கிட்ட” என்றார். பூக்காரம்மா கூடைக்கு முன்னால் உட்கார்ந்து மாலையைப் பிரிக்கத் தொடங்கினார். பிரிக்கப் பிரிக்க வளையல் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவருக்கே பழகவில்லை. இரண்டு மூன்று முறை கையை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

வில்லிவாக்கத்தில் வண்டி நின்றபோது தபால் ஆபீஸ் அம்மா இறங்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தார். மையத்தின் எண்ணைத் தேடிப் போட்டார். எதிர்முனையில் ஆங்கிலத்தில் பேசினார்கள் போலிருக்கிறது, அவரும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். “நாட் கமிங்” என்றார். கொஞ்சம் கேட்டுவிட்டு, “நோ, நோ. நாட் நெக்ஸ்ட் வீக். ஷி இஸ் ஃபைன்” என்றார். போனை வைத்துவிட்டு, வாய் ஓயாமல் சாதத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தார். அக்காவின் பங்கை ஒரு டப்பாவில் மூடி, சாயங்காலம் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார்.

சாயங்காலம் அக்கா அந்த வண்டியில் வரவில்லை. ஷிப்ட் நீண்டுவிட்டதா, பஸ்ஸில் போய்விட்டாரா என்று தெரியவில்லை. டப்பாவை நான் அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஷேர் ஆட்டோ வாசலில் நின்றிருந்தது. கணவர்தான் வாங்கிக்கொண்டார். தபால் ஆபீஸ் அம்மா போனில் டோக்கனை வேண்டாமென்று சொன்னதையும், சொன்ன ஆங்கிலத்தையும் அவரிடம் அப்படியே சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை நெமிலிச்சேரி பிளாட்பாரத்தில் எனக்கு முன்பே அக்கா வந்து நின்றிருந்தார்.